மியூனிக்கில் மடக்கு ஸ்கூட்டரும் எஸ்-பானும்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மியூனிக்குக்கு வேலைக்கோ படிப்புக்கோ வரும் நம்மவர்களில் பலருக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் வீடு கிடைப்பது நகருக்கு வெளியேதான், அதுவும் எஸ்-பான் எனும் புறநகர் ரயிலின் நிலையத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி. அலுவலகமும் மறுமுனையில் இன்னொரு நிலையத்திலிருந்து அதேபோல் விலகி இருக்கும். நடுவில் ரயில் அரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. இரு முனைகளிலும் பேருந்துக்குக் காத்து நிற்பதில்தான் காலையும் மாலையும் கரைகின்றன. இந்த இடைவெளிக்கு மின்சாரத்தில் ஓடும், நின்றபடி ஓட்டும் மடக்கு ஸ்கூட்டர் நல்ல தீர்வு. (ஊரில் நாம் உட்கார்ந்து ஓட்டும் ஸ்கூட்டரைப் பற்றி நான் இங்கே பேசவில்லை.)

ஆனால் ஜெர்மன் சட்டம் இதைக் காப்பீடு கட்டாயமான மோட்டார் வாகனமாகவே பார்க்கிறது. மியூனிக் நகரப் போக்குவரத்து நிறுவனமோ பேட்டரி தீப்பிடிக்கும் அபாயத்தைக் காட்டித் தன் வண்டிகளில் இதை ஏற்ற மறுக்கிறது. இந்த இரண்டையும் அறியாமல் முதலில் வண்டியை வாங்கி, பிறகு தாள்களைத் தேடி, கடைசியில் ரயிலில் ஏற்றலாமா என்று விசாரிப்பவர்களே அதிகம். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரான வரிசை. அதை ஒரே இடத்தில் எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டவன் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

1. முதலில் உங்கள் தடத்தைப் பாருங்கள்

வீட்டிலிருந்து அலுவலகம் வரை நீங்கள் ஏறும் ஒவ்வொரு வண்டியையும் யார் இயக்குகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஊ-பான் சுரங்க ரயிலையும் டிராமையும் நகரப் பேருந்துகளையும் எம்விஜி நிறுவனம் இயக்குகிறது. எஸ்-பான் ரயில்களை டாய்ச்ச பான் இயக்குகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பயணச்சீட்டு செல்லும் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான் என்று நினைத்துவிடுகிறோம். ஸ்கூட்டர் விஷயத்தில் அப்படி இல்லை.

2024ஆம் ஆண்டில் ஜெர்மன் போக்குவரத்து நிறுவனங்களின் சங்கமான விடிவி, லித்தியம் பேட்டரி தீவிபத்துகளைக் கருத்தில் கொண்டு, மின் ஸ்கூட்டர்களை வண்டிகளில் ஏற்ற வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்குப் பரிந்துரைத்தது. ஸ்பெயினில் பார்சலோனாவிலும் மாட்ரிட்டிலும் ரயிலுக்குள் ஸ்கூட்டர் பேட்டரிகள் தீப்பிடித்த சம்பவங்கள் அப்போது எல்லோர் நினைவிலும் இருந்தன. எம்விஜி அதே ஆண்டில் தடை விதித்தது. மடக்கியிருந்தாலும், பைக்குள் வைத்திருந்தாலும், அணைத்திருந்தாலும் ஊ-பானிலும் டிராமிலும் நகரப் பேருந்திலும் ஏற்ற முடியாது. எஸ்-பானில் மடக்கிய ஸ்கூட்டரைக் கைச்சாமானாக, கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். டாய்ச்ச பானின் வட்டார ரயில்களிலும் நெடுந்தூர ரயில்களிலும் இதே நடைமுறைதான்.

இதன் விளைவு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். மியூனிக்கை ஒட்டிய நொய்பிபெர்கில் இருக்கும் இன்ஃபினியான் என்ற சில்லு நிறுவனத்தின் வளாகத்துக்குப் போக ஊ5 வழியும் உண்டு, எஸ்3 வழியும் உண்டு. கெர்மரிங்கில் குடியிருப்பவர் எஸ்8 ஏறி, நகர மையத்தில் எஸ்3க்கு மாறி, ஃபசானன்கார்ட்டனில் இறங்கினால் வழி முழுவதும் எஸ்-பான்தான். ஸ்கூட்டர் அவருக்கு நன்றாகவே உதவும். கார்கிங் ஆராய்ச்சி வளாகத்தில் படிக்கும் மாணவருக்கோ வாசல் வரை வருவது ஊ6 மட்டும்தான். அவர் ஸ்கூட்டருடன் வர வேண்டுமானால் எஸ்8இல் இஸ்மானிங் வரை வந்து, அங்கிருந்து ஆற்றைக் கடந்து ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். கோடையில் அது இனிய பயணம், நவம்பரில் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த மாணவருக்கு என் ஆலோசனை, ஸ்கூட்டரை மறந்துவிட்டு ஒரு பழைய சைக்கிள் வாங்கி நிலையத்தில் நிறுத்தி வைப்பதுதான்.

உங்கள் தடத்தில் ஊ-பான் தவிர்க்க முடியாதது என்றால் மிதித்து ஓட்டும் மின் சைக்கிளையும் யோசியுங்கள். 250 வாட் மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டர் வரையிலான உதவியும் கொண்ட பெடலெக் சட்டப்படி சைக்கிள்தான். அதற்குக் காப்பீடும் வேண்டாம், ஸ்கூட்டர் தடையும் பொருந்தாது. ஆனால் மடக்காத சைக்கிளுக்குத் தனிச் சைக்கிள் சீட்டு எடுக்க வேண்டும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 மணி வரையும் மாலை 4 முதல் 6 மணி வரையும் அதை ரயிலில் ஏற்றக்கூடாது. அலுவலகம் போகிறவருக்கு வேண்டிய நேரமே அதுதான் என்பதால், மடக்கு வகையைத் தவிர மற்றவை ரயிலோடு சேர்ந்து பயன்படுவது அரிது.

2. எந்த வண்டி சாலையில் ஓடலாம்

2019 ஜூன் 15 முதல் நடப்பில் உள்ள சிறு மின்வாகன ஆணை சில அளவுகளை வகுத்திருக்கிறது. வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. மோட்டார் 500 வாட்டுக்குள் இருக்க வேண்டும். தானே சமநிலை காக்கும் வண்டிகளுக்கு மட்டும் 1400 வாட் வரை அனுமதி. கைப்பிடி, ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக்குகள், முன்னும் பின்னும் விளக்கு, பக்கப் பிரதிபலிப்பான்கள், மணி ஆகியவை கட்டாயம். ஓட்டுபவருக்கு 14 வயது நிறைந்திருந்தால் போதும், ஓட்டுநர் உரிமம் தேவையில்லை; தலைக்கவசம் கட்டாயமில்லை என்றாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பிடி கட்டாயம் என்பதால் ஒற்றைச் சக்கர மின்வண்டிகளும் ஹோவர்போர்டுகளும் பொதுச் சாலையில் ஓடவே கூடாது. அவற்றை இணையத்திலும் கடைகளிலும் தாராளமாக விற்கிறார்கள். விற்பது குற்றமில்லை, தெருவில் ஓட்டுவதுதான் குற்றம்.

இந்தியாவிலிருந்து ஸ்கூட்டரைக் கொண்டு வரும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சாமானாக ஏற்ற முடியாது. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி கொண்ட சாதாரண ஸ்கூட்டர் பேட்டரியே 360 வாட்-மணி வந்துவிடும். எப்படியோ வந்து சேர்ந்தாலும் அடுத்த படியில் நின்றுவிடும்.

3. வாங்கும் முன் கடையில் கேட்க வேண்டிய தாள்

ஒரே ஒரு தாள்தான் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. அதன் பெயர் ஏபிஇ, அதாவது அந்த மாதிரிக்கு கேபிஏ என்ற கூட்டாட்சி மோட்டார் வாகன அலுவலகம் வழங்கிய பொது இயக்க அனுமதி. ஏபிஇ இல்லாத வண்டிக்குக் காப்பீடு கிடையாது. காப்பீடு இல்லாத வண்டியைச் சாலையில் இறக்கக்கூடாது. அனுமதி பெற்ற மாதிரிகளின் பட்டியலை கேபிஏ தன் தளத்தில் வெளியிடுகிறது. பணம் கொடுக்கும் முன் அதில் உங்கள் மாதிரியின் முழுப் பெயரையும் தேடுங்கள், ஏனென்றால் ஒரே தயாரிப்பாளரின் ஒரே பெயருள்ள வண்டி பல நாடுகளுக்குப் பல வடிவங்களில் வருகிறது. செக்வே-நைன்பாட் மேக்ஸ் ஜி30 என்பதற்கும் ஜி30டி என்பதற்கும் பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஜெர்மனிக்கென்று 20 கிலோமீட்டர் வேகத்தில் கட்டுப்படுத்தப்பட்டது இரண்டாவதுதான்.

இங்கே பலர் விழும் பள்ளம் சிஇ முத்திரை. நான் முதலில் விசாரித்த ஒரு கடையில், வண்டியில் சிஇ இருக்கிறது, போதும் என்று அழுத்தமாகச் சொன்னார்கள். சிஇ என்பது பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளரே அளிக்கும் உறுதி. சாலையில் ஓட்டும் அனுமதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெட்டிக்குள் ஏபிஇ தாள் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே வண்டியின் மீதே பொருத்தப்பட்டிருக்கும் தயாரிப்புத் தகட்டையும் குனிந்து பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் நிற்கும் பலகையின் அடியிலோ பின்சக்கரத்துக்கு அருகிலோ இருக்கும் அந்தச் சிறிய தகட்டில் 20 கிலோமீட்டர் வேகம், ஏபிஇ எண், வண்டியின் அடையாள எண் மூன்றும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அடையாள எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். சேறு படிந்தபின் படிக்க முடியாது, காப்பீட்டுக்கும் திருட்டுப் புகாருக்கும் அதுதான் முதலில் கேட்கப்படும்.

பழைய வண்டி வாங்கினால் கூடுதல் எச்சரிக்கை தேவை. வேகத்தை உயர்த்தும்படி மென்பொருளை மாற்றிய வண்டிகள் சந்தையில் நிறைய உண்டு. 20க்கு மேல் ஓடும்படி மாற்றினால் அனுமதியும் காப்பீடும் ஒருசேரப் போகும். உரிமம் இல்லாமல் வாகனம் ஓட்டிய குற்றமும் வந்து சேரலாம்.

விலை 300 யூரோவில் தொடங்கி 800 வரை போகிறது. விலையைவிட எடையைப் பாருங்கள். நீண்ட தூரம் ஓடும் வண்டிகள் 19, 20 கிலோ இருக்கும்; நிலையத்தில் மின்தூக்கி பழுதாகும் நாளில் அந்த எடையைப் படியில் சுமப்பவர் நீங்கள்தான். ரயிலோடு சேர்த்துப் பயன்படுத்த இரு முனைகளிலும் மொத்தம் ஐந்து கிலோமீட்டர்கூட ஓடப்போவதில்லை என்பதால் 14 கிலோவுக்குள் உள்ள சிறிய பேட்டரி வண்டியே என் தேர்வு.

4. காப்பீடும் ஒட்டியும்

வண்டி வீட்டுக்கு வந்ததும் ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். மூன்றாம் நபர் காப்பீடு எடுத்து, அதன் அடையாளமான சிறிய ஒட்டியை (ஸ்டிக்கரை) வண்டியின் பின்பக்கம் ஒட்டிய பிறகே தெருவில் இறக்கலாம். காப்பீடில்லாமல் ஓட்டுவது வெறும் அபராதத்தோடு போகாது; ஓராண்டு வரை சிறையோ பணத்தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் அது. குற்றப் பதிவு பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்திலும் எதிரே வந்து நிற்கும் என்பதை வெளிநாட்டவர் மறக்கக்கூடாது.

ஜெர்மனி வந்த எல்லோரும் எடுத்து வைத்திருக்கும் தனிநபர் பொறுப்புக் காப்பீடு இதற்குப் பொருந்தாது. அதையே காட்டலாம் என்று பல நண்பர்கள் நம்பிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

காப்பீட்டு ஆண்டு மார்ச் 1இல் தொடங்கி பிப்ரவரி கடைசி நாளில் முடிகிறது. நீங்கள் எந்த மாதத்தில் எடுத்தாலும் முடிவு அதே நாள்தான். இடையில் எடுத்தால் மீதி மாதங்களுக்கு மட்டும் கட்டணம். ஒவ்வோர் ஆண்டும் ஒட்டியின் நிறம் கறுப்பு, நீலம், பச்சை என்று சுழலும்: 2024இல் நீலம், 2025இல் பச்சை, 2026இல் கறுப்பு. மார்ச் 1 காலை பழைய நிறத்தோடு போகிறவரைக் காவலர் தூரத்திலிருந்தே கண்டுகொள்வார். பழைய காப்பீடு தானாக நீளாது. எனவே பிப்ரவரி நடுவிலேயே புதியதை வாங்கி வைத்துவிடுங்கள்.

ஆண்டுக் கட்டணம் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 40 யூரோ வரை. 23 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடும், திருட்டுக்கும் சேர்த்து எடுத்தால் இன்னும் கூடும். விண்ணப்பத்துக்கு வேண்டியவை வண்டியின் மாதிரிப் பெயர், அடையாள எண், உங்கள் முகவரி, ஐரோப்பிய வங்கிக் கணக்கு எண். புதிதாக வந்தவர் முகவரிப் பதிவையும் வங்கிக் கணக்கையும் முடிக்காமல் இந்தப் படிக்கு வர முடியாது என்பதால் முதல் சில வாரங்களில் இதை எதிர்பார்க்காதீர்கள்.

இணையத்தில் எடுத்தால் ஒட்டி தபாலில் வரும். பகிர்ந்து வாழும் வீட்டில் குடியிருப்பவர்கள் தபால்பெட்டியில் தங்கள் பெயர் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார், நீங்களோ நிறுவனத்தைத் திட்டிக்கொண்டு காத்திருப்பீர்கள். அவசரமென்றால் காப்பீட்டு நிறுவனங்களின் கிளை அலுவலகத்துக்கு நேரில் போங்கள். பல கிளைகளில் அன்றே கையில் தந்துவிடுவார்கள்.

ஒட்டும்போது இடத்தை நன்றாகத் துடைத்து, ஈரம் காய்ந்தபின் ஒரே மூச்சில் ஒட்டுங்கள். உரித்து மீண்டும் ஒட்ட முடியாதபடி, எடுத்தால் கிழிந்துபோகும்படிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. கூட வரும் காப்பீட்டுச் சான்றை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

5. பயணச்சீட்டு

எஸ்-பான் பயணத்துக்கு, நாடு முழுவதும் உள்ளூர், வட்டார வண்டிகளில் செல்லும் ஜெர்மனிச் சீட்டே (டாய்ச்லாண்ட்டிக்கெட்) பெரும்பாலானோருக்குப் போதும். 2026 ஜனவரி முதல் அதன் விலை மாதம் 63 யூரோ. அது சந்தா முறையில் மட்டுமே கிடைக்கிறது, நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். உங்கள் நிறுவனம் குறைந்தது 25 விழுக்காட்டை ஏற்றுக்கொண்டால் மேலும் 5 விழுக்காடு கழிவு உண்டு. இதை மனிதவளத் துறையிடம் நீங்களாகக் கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். மாணவர்களுக்குப் பவேரியாவில் தனிக் கழிவுச் சீட்டு இருக்கிறது.

6. நிலையத்திலும் ரயிலிலும்

நடைமேடையில் ஓட்டக்கூடாது. நிலைய வாசலிலேயே அணைத்து மடக்கிவிடுங்கள். ரயில் வந்தபின் மடக்க முயன்றால் பின்னால் நிற்பவர்களின் பெருமூச்சு காதில் விழும்.

நெரிசல் நேரத்தில் நகர மையச் சுரங்கப் பாதைக்குள் வரும் ரயில்கள் நிரம்பி வழியும். முதல் பெட்டிக்கோ கடைசிப் பெட்டிக்கோ போய்விடுவது நல்லது. குழந்தை வண்டிகளுக்கும் சக்கர நாற்காலிகளுக்குமான அகன்ற இடத்தில் நிற்கலாம், ஆனால் அவர்கள் வந்தால் நீங்கள்தான் நகர வேண்டும். ஹவுப்ட்பான்ஹோஃப் (மத்திய ரயில் நிலையம்), கார்ல்ஸ்பிளாட்ஸ் ஆகிய இரண்டு எஸ்-பான் நிலையங்களிலும் இரு பக்கக் கதவுகளும் திறக்கும்: ஒரு பக்கம் இறங்குபவர்களுக்கு, மறுபக்கம் ஏறுபவர்களுக்கு. தவறான கதவோரம் ஸ்கூட்டரோடு நின்றால் ஏறும் கூட்டம் உங்களை உள்ளே தள்ளிக்கொண்டே போகும். அறிவிப்பில் எந்தப் பக்கம் இறங்கச் சொல்கிறார்கள் என்று கேட்டு முன்கூட்டியே நகர்ந்துகொள்ளுங்கள்.

மழை நாளில் சக்கரத்திலிருந்து கறுப்பு நீர் சொட்டும், அது யாருடைய வெளிர் நிறக் கோட்டிலாவது படும். சக்கரங்களுக்கு மாட்டும் துணி உறையோ பழைய நெகிழிப் பையோ வைத்திருங்கள்.

பாதைப் பணிகளுக்காகச் சுரங்கப் பாதையை வார இறுதிகளில் மூடுவது வழக்கம். அப்போது ஓடும் மாற்றுப் பேருந்தில் ஸ்கூட்டருக்கு இடம் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். விதிகளும் மாறக்கூடியவை, ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் தடத்தின் சாமான் விதிகளைப் படித்துவிடுங்கள்.

7. நிலையத்திலேயே விட்டுச் செல்வதானால்

ஒரு முனையில் மட்டும் ஸ்கூட்டர் தேவைப்படுபவர்கள் சைக்கிள் நிறுத்தத்தில் பூட்டிவிட்டுப் போகலாம். ஆனால் ஸ்கூட்டரில் பூட்டுச் சங்கிலி நுழைய நல்ல வளையம் இருப்பதில்லை. சக்கரத்தில் மட்டும் பூட்டினால் திருகைக் கழற்றி மீதியைக் கொண்டுபோய்விடுவார்கள். வாங்கும்போதே பூட்டுவதற்கான இடம் சட்டகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், பூட்டுக்குத் தனியாக 50 யூரோவுக்குக் குறையாமல் ஒதுக்குங்கள்.

எப்போதாவது மட்டும் தேவையென்றால் லைம், வோய் போன்ற வாடகை ஸ்கூட்டர்கள் போதும். திறக்க ஒரு கட்டணம், பிறகு நிமிடக் கணக்கு. தினமும் இருமுறை என்றால் சில மாதங்களில் சொந்த வண்டியின் விலையே போய்விடும்.

8. சாலையில்

சைக்கிள் பாதை இருந்தால் அதில்தான் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாலையில். நடைபாதையும் பாதசாரி மண்டலமும் ஸ்கூட்டரை அனுமதிக்கும் தனிப் பலகை இருந்தாலொழியக் கூடாது. ஒரு வண்டியில் ஒருவர் மட்டுமே. ஓட்டும்போது கைப்பேசியைக் கையிலெடுத்தால் 100 யூரோ அபராதமும், போக்குவரத்துக் குற்றங்களைக் குறித்து வைக்கும் ஃப்ளென்ஸ்பர்க் பதிவேட்டில் ஒரு புள்ளியும்.

மது விஷயத்தில் காருக்கு உள்ள வரம்பே இதற்கும். இரத்தத்தில் மது 0.5 புரோமில் (ஆயிரத்தில் 0.5 பங்கு) தொட்டால் முதல் முறைக்கு 500 யூரோ, ஒரு மாதம் வாகனம் ஓட்டத் தடை, இரண்டு புள்ளிகள், 1.1ஐத் தொட்டால் குற்ற வழக்கு. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் புதிய உரிமத்தின் சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு துளியும் கூடாது. மியூனிக்கின் பீர் திருவிழாவான அக்டோபர் விழாவில் (அக்டோபர்ஃபெஸ்ட்) ஒரு குவளை என்பது ஒரு லிட்டர் பீர். விழா நாட்களில் காவலர்கள் ஸ்கூட்டர்களைத் தேடித் தேடி நிறுத்துவார்கள். அன்று வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

9. குளிர்காலமும் பேட்டரியும்

உறைநிலைக்குக் கீழே பேட்டரி சீக்கிரம் தீரும். வெளியிலிருந்து வந்ததும் உடனே மின்னேற்றாமல், அறை வெப்பத்துக்கு வந்தபின் ஏற்றுங்கள். பனிக்காலத்தில் வழுக்காமலிருக்கத் தூவும் சிறுகற்கள் சிறிய டயர்களைப் பதம் பார்க்கும். பனி கொட்டும் வாரங்களில் நான் நடந்தே போகிறேன். ஒருமுறை நிரப்ப ஆகும் மின்செலவு பதினைந்து சென்ட்டைத் தாண்டாது. அலுவலகத்தில் மேசையடியில் செருகும் முன் அனுமதி கேளுங்கள், தீக்காப்பு கருதிப் பல நிறுவனங்கள் தடுக்கின்றன. வீட்டிலும் வாசலுக்குப் போகும் வழியில் வைத்து இரவு முழுக்க ஏற்ற வேண்டாம்.

10. ஊரைவிட்டுக் கிளம்பும்போது

விமானத்தில் ஏற்ற முடியாது என்பதால் விற்கத்தான் வேண்டும். ஏபிஇ தாள், ரசீது, இரண்டு சாவிகள், மின்னேற்றி எல்லாம் இருந்தால் விலை நன்றாகப் படியும். ஏபிஇ தாள் தொலைந்திருந்தால் வாங்குபவர் காப்பீடு எடுக்கத் தயங்கி விலகுவார். காப்பீட்டை வாங்குபவர் பெயருக்கு மாற்றுவதா, முடித்துக்கொள்வதா என்று நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். பிப்ரவரியில் விற்பதைவிட வசந்தம் தொடங்கும் ஏப்ரலில் விற்பது லாபம்.